எண்ணெய்ச் செக்கை வித்துடலாமா, நீயே சொல்லு

கண்ணு,

போன்ல பேசினா "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சிடற, அதான் உட்காந்து டைப் பண்றேன். தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்க, கண்ணாடி போட்டும் மங்கலாத்தான் தெரியுது.

நேத்து உன் எண்ணெய்க் கடை நோட்டு ரெண்டையும் எடுத்து முழுசா பாத்தேன். சொசைட்டில 27 வருஷம் லெட்ஜர் எழுதுனவளுக்கு பெத்த பையனோட நோட்டைத் திறக்க ரெண்டு வருஷம் ஆயிருக்குது பாரு. நகைக்கடனுக்கு யாரு வந்தாலும் எதை வெச்சு திருப்புவீங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம விட்டதில்ல, உங்கிட்ட மட்டும் கேக்கல. நீ பேங்க்ல கிரெடிட்ல இருந்தவன், ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் லோன் குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணினவன், உனக்கு நான் என்னத்த சொல்லித் தர்றதுன்னு இருந்துட்டேன்.

முதல் நாப்பது பக்கம் கோடு போட்டு சிவப்பு மை, நீல மைன்னு அவ்வளவு அழகா இருக்குது, உன் ஸ்கூல் நோட்டு மாதிரி. அப்புறம் பென்சில். அப்புறம் வெறும் பேரும் லிட்டரும், ரூபா கட்டத்துல ஒண்ணுமில்ல. கடைசில ஒரு பக்கத்துல மளிகைக்கடைக்காரர் பேருக்கு எதிர்ல "கேக்கணும்"னு மட்டும் எழுதிருக்கற. அதைப் பாத்துட்டுத்தான் எனக்கு என்னமோ ஆயிடுச்சு.

நீ சோம்பேறித்தனத்துல தோத்தன்னு ஊர்ல யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 2024ல நீ ஆரம்பிச்சப்போ தேங்கா பருப்பு கிலோ 100 ரூபாய்க்குப் பக்கம், அதை நம்பி லிட்டர் 260னு ஒரு வருஷத்துக்கு ரேட் பேசி ஆர்டர் புடிச்ச. நூறு கிலோ போட்டு ஆட்டுனா 60 கிலோ எண்ணெய் வரும், அதாவது லிட்டருக்கு பருப்பு மட்டும் 150க்கு மேல, மிச்சத்துல பாட்டில், கரண்ட்டு, ஆள் கூலி எல்லாம் போக கொஞ்சம் நிக்கும், கணக்கு சரிதான். ஆனா 2025 நடுவுல பருப்பு 200ஐத் தாண்டிருச்சே! லிட்டருக்கு பருப்பே 300க்கு மேல ஆவுது, நீ வாக்கு குடுத்தாச்சுன்னு 260க்கே ஊத்திக் குடுத்திருக்கற, புண்ணாக்கு வித்த காசெல்லாம் அதுக்கு எந்த மூலைக்கு. பருப்பு வாங்கறது ரொக்கம், எண்ணெய் குடுக்கறது 45 நாள் கடன். இதே கணக்கோட வேற ஒருத்தன் உன் டேபிளுக்கு வந்திருந்தா ஃபைலைத் தூக்கி ஓரமா வெச்சிருப்ப.

வேலையை விட்டதைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன், கோச்சுக்காத. அந்த மேனேஜர் எல்லார் முன்னாடியும் பேசினது தப்பு, அதுல எனக்கு ரெண்டு பேச்சில்ல. ஆனா டீக்கடைல நின்னுட்டே ராஜினாமா மெயில் அனுப்பினதும், அதுக்கு ரெண்டு வாரம் முந்தி சம்பள சிலிப்பைக் காட்டி 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்திருந்ததும் சேத்துப் பாத்தா, கோவம் ஒரு சாக்குதானோன்னு எனக்கு இப்பத் தோணுது. உங்கப்பாகிட்ட இதை சொல்லல.

இப்ப வந்திருக்கற வேலை விஷயம். 62 ஆயிரம் வாங்குனவனுக்கு 38 ஆயிரம், உனக்கு கீழ இருந்த பொண்ணு இப்ப அங்க மேனேஜர், அவகிட்ட போய் சார் மேடம்னு நிக்கணுமான்னு நீ யோசிக்கற, எனக்குத் தெரியாதா. போய் சேரு கண்ணு. சின்ன கடைக்காரங்களுக்கு லோன் குடுக்கற கம்பெனிதானே அது, அங்க உக்காந்திருக்கறவங்க எத்தன பேருக்கு "அடுத்த வாரம் தர்றேன் தம்பி"ன்னா என்ன அர்த்தம்னு தெரியும்? உனக்குத் தெரியும், 1,12,600 ரூபா வராம நிக்க விட்டு கத்துருக்கற. உங்கப்பா எக்ஸ்எல்ல ஏறி வெள்ளகோவில், முத்தூர்னு சுத்தி அதுல 23 ஆயிரம் வசூல் பண்ணிட்டாரு, எனக்கென்னமோ அவருக்கு இதுல ஒரு குஷி வந்த மாதிரி தெரியுது.

கடை வெச்சதை மறைச்சு "ஃபேமிலி ரீசன்"னு போடலாம்னு சொன்னியாமே, வேண்டாம். பிஎஃப்ல ஒரே யுஏஎன் நம்பர், எந்த தேதில சேந்த, எந்த தேதில விட்டன்னு எல்லாம் அதுல நிக்குது, ஜிஎஸ்டிலயும் உன் பேரு இருக்குது. கேட்டா பருப்பு கணக்கை அப்படியே சொல்லு.

அந்த ஜிஎஸ்டியையும் நீ இன்னும் மூடலை. வியாபாரமே இல்லைன்னாலும் 3பி ரிட்டர்ன் போடணும், போடலைன்னா நாளைக்கு 20 ரூபா, ஒரு ரிட்டர்னுக்கு 500 வரைக்கும் போவும். ஆறு மாசம் நிக்குது, 3,000. அதைக் கட்டிட்டு ரத்துக்கு எழுதிக் குடு, ரத்தானதும் மூணு மாசத்துக்குள்ள கடைசி ரிட்டர்ன் ஒண்ணு, ஜிஎஸ்டிஆர் 10, அதை எல்லாரும் மறந்துடுவாங்க. இன்கம்டாக்ஸ்ல நஷ்டத்தைக் காட்டறதும் கெடு தேதிக்குள்ள பண்ணிடு, சம்பளத்துல கழிக்க விடமாட்டாங்கதான், ஆனா எட்டு வருஷத்துக்குள்ள மறுபடி ஏதாச்சும் வியாபாரம் பண்ணினா அதுல கழிச்சுக்கலாம். (உடனே வேற ஐடியா யோசிக்காத!)

லோன்ல நாலு டியூ நின்னதும் பேங்க்ல இருந்து கூப்பிட்டு, மொத்தமா 3 லட்சம் கட்டினா முடிச்சுக்கலாம்னாங்களே, கேக்க நல்லாத்தான் இருக்குது, ஆனா நம்ம கடன் கணக்கெல்லாம் நிக்கற சிபில்ல "செட்டில்டு"ன்னு விழும். முழுசா கட்டுற "க்ளோஸ்டு" வேற, குறைச்சுக் கட்டுற "செட்டில்டு" வேற, இதை உனக்கு நான் சொல்றேன் பாரு. பேங்க் பரீட்சை வெக்கற ஐபிபிஎஸ்ல கூட இப்ப ஆள் எடுக்கறதுக்கு சிபில் கேக்கறாங்க, நாளைக்கு நீ பெரிய இடத்துக்குப் போவறப்போ அந்த ஒரு வார்த்தை வந்து நிக்கும். நின்ன நாலு டியூ, ஒண்ணு 14,274 மேனிக்கு 57,096 ரூபா, அதுக்கு மேல அபராதம். அதை ஒரே மூச்சுல கட்டிட்டு மாசாமாசம் போனா 38ல 23 ஆயிரம் சொச்சம் கைல நிக்கும், ரூம்ல ரெண்டு பேரோட சேந்து இருந்தா ஓட்டிடலாம். என் சங்கிலியைப் பத்தி நீ யோசிக்காத, அது சொசைட்டில பத்திரமா இருக்குது, வட்டி நான் கட்டிக்கறேன்.

அந்த 57 ஆயிரத்துக்குத்தான் இப்ப வழி கேக்கறேன். முத்தூர்ல இருந்து ஒருத்தர் செக்கைப் பாக்க வந்தாரு. வாகை மரத்தைத் தட்டிப் பாத்தாரு, உலக்கையைத் தடவிப் பாத்தாரு, மோட்டரைப் போட சொன்னாரு, 95 ஆயிரம்னு சொல்லிட்டு போயிட்டாரு. உங்கப்பா பதிலே சொல்லல. நீ வெச்ச பூப்பொட்டு இன்னும் அதுல அப்படியே இருக்குது, பையன் சொல்லட்டும்ங்கறாரு. எனக்கு குடுத்துடலாம்னுதான் படுது. ஞாயித்துக்கிழமை அவரு மறுபடி வர்றாரு, அதுக்குள்ள உங்கப்பாவுக்கு நீயே ஒரு போன் போட்டு சொல்லிடு.

அம்மா