அப்பா வீட்டுக்கு வந்தாச்சு, எல்லோருக்கும் நன்றி

அப்பா நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப எழுதத் தெம்பில்லை. இங்கே அமெரிக்காவில், நாஷ்வில் நண்பர்கள், பெல்வியூ பிள்ளையார் கோவில்காரர்கள், இட்லியும் ரசமும் வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போனவர்கள், ராத்திரி முறை போட்டுத் துணைக்கு உட்கார்ந்தவர்கள், நேரங்கெட்ட நேரத்தில் ஊரிலிருந்து என் அழுகையைப் போனில் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, சித்தி, எல்லோருக்கும் கோடி நன்றி.

எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷமும் கையசைப்பதோடு சரி, பேசிப் பழக்கமில்லை. ஒருநாள் விடிகாலை நான் காரை எடுக்கும்போது கண்ணாடியைத் தட்டி ஒரு பழைய சிடியை நீட்டினார். டப்பா விரிசல் விட்டு, விலைச்சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "செய்தி கேட்டுக்கொண்டு போக வேண்டாம், இதைப் போட்டுக்கொள்" என்றார், திரும்பிப் போய்விட்டார்.

ஷூட்டர் ஜென்னிங்ஸின் முதல் ஆல்பம் அது, 2005இல் வந்தது. ஷூட்டர், அமெரிக்க நாட்டுப்புறச் சாயலுள்ள கன்ட்ரி இசையில் பெரிய பாடகரான வெய்லன் ஜென்னிங்ஸின் மகன். அம்மா ஜெஸ்ஸி கோல்டரும் பேர்பெற்ற பாடகி. லாஸ் ஏஞ்சலஸில் ராக் பாண்டு நடத்திக்கொண்டிருந்த பையன். அவனுடைய அப்பா வெய்லன் 2002இல் காலமாகிவிட்டார், மூன்றே வருஷத்தில் மகனின் கன்ட்ரி ரெக்கார்டு என்றதும் ஒப்பாரியாக இருக்குமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். இல்லவே இல்லை, கிடாரை அலறவிட்டு ஒரே ஆட்டம். சில பாட்டில் வீறாப்பு கொஞ்சம் ஜாஸ்திதான், இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எனக்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது. 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' என்ற பாட்டின் கடைசியில் பழைய கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் குரல் வரும், ஷூட்டருடைய அப்பா காலத்துக் குரல். அது ஓயும்வரை பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மேலே போவேன்.

இனி எங்கள் தெருவில் யார் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றாலும் "ஏதாவது வேணுமா" என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வோம். கையில் இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கிக்கொள்ளவில்லை. அப்பாவுக்குப் போட்டுக்காட்டச் சொன்னார். அப்பாவோ டி.எம்.எஸ். தவிர வேறு யாரையும் பாடகர் என்று ஒத்துக்கொள்ளாதவர், பார்க்கலாம்.

அப்புறம், சமையலறை முழுக்க உங்கள் பாத்திரங்கள், எது யாருடையது என்று தெரியவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போங்கள், டீ போட்டுத் தருகிறேன்.