ஊசிக்கோபுரம் பார்க்கப் போன அன்று உதவியவர்களுக்கு

அன்பானவர்களே,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நேற்று ராத்திரி வாய்விட்டு இடியாப்பம் கேட்டுச் சாப்பிட்டார்கள். பாளையங்கோட்டை ஸ்டேஷனில் அம்மா மயங்கி விழுந்தது உங்களில் பலருக்கும் தெரியும்; அதைத் திரும்ப விவரமாக எழுத மனசு வரவில்லை.

நாசரேத்தில் காலை பாசஞ்சர் ஏறி, பாளையங்கோட்டையில் இறங்கி, ஊசிக்கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதாகத்தான் இருந்தோம். அம்மா டீச்சர் ட்ரெய்னிங் படித்த காலத்தில் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போன ஆலயம் அது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய கோவில். இன்னொரு தரம் அந்தப் பெஞ்சில் உட்காரணும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனைத் தாண்டவே முடியவில்லை.

பிளாட்பாரத்தில் கூட்டம் கூடிவிட்டது. தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள், 108-க்கு போன் பண்ணினார்கள். எல்லாருமே நல்லவர்கள். ஆனால் அம்மாவின் சேலை விலகிக் கிடந்ததைக் கவனித்தது ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் பெட்டியில் ஏறிய பனங்கிழங்கு விற்கும் அக்காதான். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஆம்பிளையெல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்கய்யா" என்று ஒரே சத்தம். சும்மாட்டுத் துணியை உதறிப் பிரித்து அம்மாவின் காலை மூடினார். பக்கத்தில் நின்ற காலேஜ் பிள்ளைகளைத் துப்பட்டாவால் மறைப்புப் பிடிக்கச் சொல்லி, கொசுவத்தை எடுத்துச் செருகி, முந்தானையை இழுத்து ஊக்குப் போட்டுவிட்டார். மகன் நான் கை நடுங்கிப்போய் நின்றேன். ஆம்புலன்சில் ஏற்றும்போது என் காதருகே, "ஆச்சி முழிச்சதும் இப்படிக் கிடந்தாங்கன்னு சொல்லிராதீங்க" என்றார்.

ரிட்டையர் ஆகும் வரை மடிப்புக் கலையாத சேலையில் பள்ளிக்கூடம் போனவர்கள் அம்மா. அதனால் இதை எழுதலாமா என்று அவர்களிடமே கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார்கள். அப்புறம், "எழுதுய்யா, அந்தப் பிள்ளைக்குத் தெரியணும்" என்றார்கள்.

ஆம்புலன்ஸ் தம்பிகள், ராத்திரி முழுக்க வந்து வந்து பார்த்த நர்சுகள், சபையில் ஜெபித்தவர்கள், சோறு கட்டிக் கொண்டுவந்த ஐயரம்மா (எங்கள் சபைப் போதகரின் மனைவி), எங்கள் வீட்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார், எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் தீராது.

இனி என் பையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். எங்கே யார் விழுந்தாலும் முதலில் அவர்களை மூடிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.

திருச்செந்தூர் பாசஞ்சரில் கிழங்கு விற்கும் அந்த அக்காவைத் தெரிந்தவர்கள் இதை வாசித்துக் காட்டுங்கள். டாக்டர் சரி என்றதும் அம்மாவும் நானும் அதே வண்டியில் வருகிறோம். அக்காவும் எங்களோடு ஊசிக்கோபுரத்துக்கு வரணும் என்று அம்மா கேட்கிறார்கள்.