செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: நெபுலா நோக்கல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வயலுக்கு நல்லது, தொலைநோக்கிக்கு ஆகாது. ஜூன் முதல் டிசம்பர் வரை வானத்தை நம்பிக் கூட்டம் போட முடியாததால், நெபுலா (விண்ணிலுள்ள வாயு, தூசு மேகம்) நோக்கலைத் தை முதல் சித்திரை வரையிலான அமாவாசை இரவுகளுக்கே ஒதுக்கினோம். தை அமாவாசையன்று (ஜனவரி 18) குமரி முனையில் நீராட வருவோர் கூட்டமும் விளக்குகளும் மிகுதி. ஆகவே சொத்தவிளைக் கடற்கரையைத் தேர்ந்தோம்.

அங்கே நாகர்கோவில் வெளிச்சம் முதுகுப்பக்கம் நின்றுவிடும், தெற்கே கடல். 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் காரினா நெபுலா நமக்கு 22 டிகிரி உயரம் ஏறுகிறது. டெல்லியில் அது தொடுவானத்தை ஒட்டியே போய்விடும். பங்குனி அமாவாசையில் இரவு 11.15 மணியளவிலும், சித்திரை அமாவாசையில் 9.30 மணிக்குச் சற்று முன்பும் அது நேர் தெற்கில் நிற்கும். சுழல் விண்மீன் அட்டை (நாள், நேரத்துக்கேற்ப வானத்தைக் காட்டும் சுழலும் வரைபடம்) வைத்திருப்போர் அதில் காணும் நேரத்தோடு 20 நிமிடம் கூட்டிக்கொள்ளவும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, நாம் இருப்பதோ 77.4 டிகிரியில்.

தை அமாவாசையில் தவறவிடக் கூடாத பொருள் டாரன்டுலா நெபுலா. ஓரியன் நெபுலா இரவு 10 மணியளவில் உச்சியை நெருங்கும்போது, அகத்தியர் விண்மீனுக்கும் கீழே, கடலுக்கு மேல் வெறும் 13 டிகிரியில் இது நிற்கும். ஓரியன் நெபுலா சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவு. டாரன்டுலா, பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்துக்குள், சுமார் 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால். இருந்தும் அது தெரிகிறது என்பதே அதன் பருமனுக்குச் சாட்சி. அந்த உயரத்தில் கடற்காற்றின் ஈரப்பதம் ஒளியை வெகுவாக விழுங்கும், எனவே மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் விடக் கூடாது.

இவ்வாண்டு வாங்கிய முக்கியப் பொருள் ஆக்சிஜன்-3 ஃபில்டர். 495.9, 500.7 நானோமீட்டர் என்ற இரண்டு பச்சை அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றை வெட்டும். வாயு தானே ஒளிரும் நெபுலாவுக்கே இது உதவும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள தூசு விண்மீன் ஒளியைத் திருப்பியனுப்புகிறது, அதற்கு இதைப் போட்டால் தெரிவதும் போய்விடும். தென்சிலுவையை ஒட்டிய கோல்சாக் போன்ற இருண்ட தூசு மேகத்துக்கு வெறுங்கண்ணே மேல்.

நம் 8 அங்குல, எஃப்/6 (குவியத்தூரம் ஆடி விட்டத்தைப்போல் 6 மடங்கு) டாப்சோனியன் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 48 மடங்கு பெருக்கும், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4.2 மி.மீ. அதில் ஃபில்டர் நன்றாக வேலை செய்யும். 10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கு, கற்றை 1.7 மி.மீ.தான். படம் கறுத்துவிடும். "ஃபில்டர் சரியில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். தெருவில் சோடியம் விளக்கு இருந்தவரை அதன் மஞ்சளை ஃபில்டர் சுலபமாகத் தடுத்தது. வெள்ளை எல்இடியின் ஒளி எல்லா நிறத்திலும் பரவுவதால் ஒரு பங்கு உள்ளே வந்தே தீரும்.

பள்ளி நிகழ்ச்சிகளில் மாணவர்கள் தவறாமல் கேட்டது, படத்தில் உள்ள சிவப்பு எங்கே என்பது. அது ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளி. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் அதை உணராது. சாம்பல், மிஞ்சினால் இளம்பச்சை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பராமரிப்பு. கடற்கரையிலிருந்து வந்ததும் தொலைநோக்கியின் கண்ணாடி ஆடியை உலர் துணியால் துடைப்பதை அடியோடு நிறுத்தியிருக்கிறோம். உப்புத்துகள் அலுமினியப் பூச்சைக் கீறும். முதலில் நீரை மெல்ல ஓடவிட வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் ஒருமுறை இழுக்க வேண்டும், ஒவ்வோர் இழுப்புக்கும் புதுப் பஞ்சு. கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். ஏசி காரிலிருந்து எடுத்த ஐபீஸ் உடனே பனித்துவிடும், அரைமணி நேரம் மூடியோடு வெளியில் வைக்கவும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் கூட்டம் போடும்படி சிலர் கேட்டனர். காற்றாலைக்கு உகந்த காற்று நம் தொலைநோக்கிக் குழாயை ஆட்டும் என்பதால் செயற்குழு ஏற்கவில்லை. பேச்சிப்பாறையை மட்டும் அடுத்த ஆண்டு, மலை தெற்கை எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்