ரேங்க் கார்டு இல்லாத பள்ளி

லெஸ்டர்,
ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

பிள்ளைகள் என்ன மார்க், என்ன ரேங்க் என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் மழுப்பிவிடுகிறேன். இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளியில் ரேங்க் என்ற ஒன்றே கிடையாது என்றால் அம்மா நம்பமாட்டாள். நீ தொடக்கப்பள்ளி ஆசிரியை. நீ சொன்னால் நம்புவாள்.

சின்னவள் முதல் வகுப்பை முடிக்கிறாள். அவளுக்கு ஜூனில் ஒரு வாசிப்புத் தேர்வு நடந்தது. 2012 முதல் நாடு முழுக்க நடப்பது. ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்காரவைத்து 40 சொற்களை வாசிக்கச் சொல்கிறார். அதில் 20 சொற்களுக்கு அர்த்தமே இல்லை, வேண்டுமென்றே புனைந்தவை. பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம் இருந்தால் அது பொய்ச் சொல் என்று பிள்ளைக்குத் தெரியும். தெரிந்த சொல்லை நினைவிலிருந்து ஒப்பித்துவிடலாம், இதை எழுத்துக் கூட்டித்தானே படிக்க வேண்டும்! பழக்குவதற்காக நானும் 'ஸ்ட்ரோம்ப்' என்று ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். திக்கித் திக்கிப் படித்துவிட்டு, "அது என்னப்பா சாப்பிடும்?" என்று கேட்டாள். பல வருடங்களாக 32 வந்தால் தேர்ச்சி. வராத பிள்ளைகள் அடுத்த வகுப்பில் மறுபடி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வருட அறிக்கை நேற்று வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று நிலைகளில் ஒன்று: இன்னும் எட்டவில்லை, வயதுக்கேற்ற நிலை, அதற்கும் மேல். உங்கள் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறீர்களே, ஏறக்குறைய அப்படி. கூடவே வருகைப்பதிவும் ஆசிரியையின் குறிப்பும். அந்தக் குறிப்பைப் படிக்கத் தனித் திறமை வேண்டும், அக்கா. "தன் கருத்துகளை வகுப்போடு ஆர்வமாகப் பகிர்ந்துகொள்கிறாள்" என்று எழுதியிருக்கிறார்கள். வாய் ஓயாமல் பேசுகிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பெற்றோர் சந்திப்பும் இதே கதைதான். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடம். நம் பிள்ளையின் நோட்டு மட்டும் மேஜையில் இருக்கும். "வகுப்பில் எத்தனையாவது இடம்?" என்று எனக்கு முன்னால் போன ஒருவர் கேட்டார். ஆசிரியை சிரித்துக்கொண்டே அவருடைய மகனின் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அவர் இரண்டாம் முறையும் கேட்டார். பதில் அதே சிரிப்புதான். மற்ற பிள்ளையோடு ஒப்பிடாதது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பலவீனத்தையும் பூ சுற்றித் தருவதுதான் எரிச்சல். கணக்கில் எங்கே தடுமாறுகிறாள் என்று நானே துருவிக் கேட்ட பிறகுதான் கழித்தலில் என்று தெரிந்தது.

எண்ணே இல்லை என்றும் நினைத்துவிடாதே. ஆறாம் வகுப்பில், மே மாதம் பொதுத்தேர்வு. 80 முதல் 120 வரை மதிப்பெண். 100 எடுத்தால் எதிர்பார்த்த தரம். இரண்டாம் வகுப்பிலும் முன்பு ஒன்று கட்டாயமாக இருந்தது. 2023-24 முதல் பள்ளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

பெரியவன் செப்டம்பரில் நான்காம் வகுப்பு போகிறான். அடுத்த ஜூனில் அவனுக்குக் கம்ப்யூட்டரில் வாய்ப்பாட்டுத் தேர்வு. 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, 12ஆம் வாய்ப்பாடு வரை. ஏழாம் வாய்ப்பாட்டிலேயே நிற்கிறான். நம் ஊர்க் கடையில் பதினாறு வரை போட்ட வாய்ப்பாட்டுப் புத்தகம் கிடைக்குமே, அடுத்த பார்சலில் பொடிகளோடு ஒன்று வைத்து அனுப்பு.

அன்புடன்,
தம்பி