மேஜர் சரவணன் செய்ததை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் மாவட்டப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

1999இல் பாகிஸ்தானுடன் நடந்த கார்கில் போரின் வெற்றி நாளை ஜூலை 26 அன்று பல பள்ளிகள் கடைப்பிடிக்கின்றன. போரில் வீழ்ந்த வீரரின் படத்துக்கு மாலை இடுவதும் முழக்கம் எழுப்புவதும் நல்லவையே. ஆனால் அந்த வீரர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமலே கூட்டம் கலைந்துவிடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. ஆகவே இவ்வாண்டு காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேஜர் மாரியப்பன் சரவணனின் கடைசிப் போரை முழுமையாகச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

இராமேசுவரத்தில் 1972ஆம் ஆண்டு பிறந்த அவர், பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனில் காலாட்படை அதிகாரியாக இருந்தார். பாகிஸ்தான் பக்கமிருந்து ஊடுருவியவர்களின் பலம் இன்னும் சரியாகத் தெரியாதிருந்த 1999 மே மாத இறுதியில், லடாக்கின் பட்டாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த ஜுபார் முகட்டை மீட்கும் பொறுப்பு அவரது படைக்கு வந்தது. மேலே பதுங்குகுழிகளில் எதிரி. கீழிருந்து ஏறுபவர்களுக்கோ ஒதுங்கப் பாறைகளைத் தவிர வேறு எதுவுமில்லை. மே 29 விடியற்காலையில் தாக்குதலை முன்னின்று நடத்திய சரவணன், ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்குகுழியைத் தாக்கினார். குண்டுச் சிதறல் பாய்ந்து காயமுற்ற பின்னும் பின்வாங்காமல் தம் வீரர்களை முன்னே நடத்திச் சென்றார். தலையில் குண்டு பாய்ந்து அங்கேயே வீழ்ந்தார். அவர் உடலைக் கீழே கொண்டுவரவே ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. ஜூலையில்தான் அவருடைய பட்டாலியன் அந்த முகட்டைக் கைப்பற்றியது. போர்க்கால வீரத்துக்கான மூன்றாவது உயரிய விருதாகிய வீர் சக்கரம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அவர் கொங்கு நாட்டில் பிறந்தவரல்லரே என்று யாரேனும் கேட்கலாம். அவரோ தமக்குச் சொந்த ஊர் அல்லாத மலைக்காகவே உயிரைக் கொடுத்தார். மேலும், வீழ்ந்தவன் யார், எந்தப் பூசலில், எதைக் காத்து வீழ்ந்தான் என்பதைக் கல்லில் எழுதி நடுவது நம் வட்டாரத்தின் பழைய வழக்கம். நடுகல் வெறும் புகழ்ச்சியோடு நிற்பதில்லை, செயலையும் சொல்கிறது. ஆடிப்பெருக்கில் ஓடாநிலையிலும் சங்ககிரியிலும் தீரன் சின்னமலையை நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு, அதற்குச் சில நாள்களே முன்னதாக வரும் ஜூலை 26 அன்று இந்தச் செய்தியும் கிடைக்கட்டும். அவர் வீழ்ந்த மே 29 கோடை விடுமுறையில் வருவதால் அந்நாளை நான் கேட்கவில்லை.

சொல்லும்போது எதையும் மிகைப்படுத்த வேண்டாம். வீழ்த்திய பகைவரின் எண்ணிக்கையைப் பெருக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உடுமலை வட்டத்து அமராவதிநகரில் 1962 முதல், மாணவர்களைப் படை அதிகாரிப் பணிக்கு ஆயத்தப்படுத்தும் சைனிக் பள்ளி இயங்குகிறது. நம் ஊர்களில் ஓய்வுபெற்ற படைவீரர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை அழைத்து, இரவில் பனிமலை ஏறித் தாக்குவது எப்படிப்பட்டது என்று பேசச் செய்து, மாணவர்கள் கேள்வி கேட்கவும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டுப் பெற்றோர் ஒருவர்