பழைய கேட்டை காயலான் கடைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரயில்வே கேட் பத்தி பேப்பர்ல வந்தாலே ஒண்ணு விபத்து, இல்லன்னா மேம்பாலம் இன்னும் கட்டல, இல்லன்னா சப்வேல தண்ணி நிக்குது. எல்லாம் வர வேண்டிய செய்திதான். நான் எழுதுறது வேற விஷயம். பழைய கேட், கைகாட்டி சிக்னல் (கம்பத்துல கை மாதிரி பலகை ஏறி இறங்குமே, அது), அத இழுக்கிற லீவர், கேட் விளக்கு இதையெல்லாம் தேடிப் போய் போட்டோ எடுத்து, எந்த ஊரு, எல்.சி. நம்பர் (லெவல் கிராசிங், அதாவது கேட்டோட நம்பர்) என்ன, எத்தனாவது கிலோமீட்டர், இரும்புல எந்த கம்பெனி பேரு இருக்குன்னு நோட்டுல எழுதி வைக்கிறது என்னோட பழக்கம். பழைய லீவர்ல "சாக்ஸ்பி அண்ட் ஃபார்மர்"னு வார்த்த எழுத்தை பெயின்ட்டுக்கு அடியில தடவிப் பாத்து படிக்கிற சந்தோஷம் இருக்கே, அத சொன்னா புரியாது.

2025 ஜூலைல கடலூர் பக்கத்துல செம்மங்குப்பம் கேட்ல ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்க செத்துப் போனாங்க. அது இன்டர்லாக் இல்லாத கேட், அதாவது கேட் மூடியிருக்கோ இல்லையோ சிக்னலுக்கு அது தெரியாது, ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் கேட் மூடியாச்சுன்னு உறுதி சொல்ல போன்ல ஒரு ரகசிய நம்பர் சொல்லிக்கிறது மட்டும்தான் பாதுகாப்பு. அதுக்கப்புறம் டி.வி.யு. கணக்கு, அதாவது ஒரு நாளைக்குப் போற ரயிலையும் வண்டிகளையும் பெருக்கி வர்ற கணக்கு, 10,000 தாண்டுற கேட்டுக்கெல்லாம் இன்டர்லாக் போடணும்னு ரயில்வே சொல்லிச்சு, முன்னாடி அது 20,000. சீக்கிரம் போடட்டும், எல்லா கேட்டுக்கும் போடட்டும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

ஆனா ஒண்ணு பாருங்க, இந்த இன்டர்லாக் வேலைய கரண்டே இல்லாம வெறும் இரும்பும் சாவியும் வெச்சு அந்தக் காலத்துலயே செஞ்சிருக்காங்க. கேட்டை இறக்கிப் பூட்டினாதான் சாவி கையில வரும், அந்த சாவிய லீவர் பக்கம் போட்டாதான் லீவர் அசையும், கம்பி இழுத்து கைகாட்டி இறங்கும் (ரயில் வரலாம்னு அர்த்தம்), இறங்கிட்டா சாவி அங்கேயே மாட்டிக்கும், சிக்னலை திரும்ப தூக்காம யாரு நினைச்சாலும் கேட்டைத் திறக்க முடியாது. ஸ்கூல் பிள்ளைங்க கையில குடுத்தா அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுக்குவாங்க. அப்படிப்பட்ட பொருள் கிலோ கணக்குல எடைக்குப் போகுது.

ஒரு பழைய இரும்புக் கடையில கைகாட்டியோட கண்ணாடி ஒண்ணு பாத்தேன், "பச்சை" கண்ணாடின்னு சொன்னாங்க, வெயில்ல பிடிச்சா நல்லா நீலமா இருந்துச்சு. மண்ணெண்ணெய் விளக்கோட மஞ்சள் வெளிச்சம் அந்த நீலத்துல புகுந்தாதான் டிரைவருக்கு பச்சையா தெரியும், அப்படி கணக்குப் பண்ணி செஞ்சது. ஓரம் உடைஞ்சிருந்தாலும் வாங்கிட்டு வந்துட்டேன்.

மதுரை - போடி மீட்டர் கேஜ் (பழைய குறுகலான பாதை) ரயில் 2010 கடைசியில நின்னுச்சு, திரும்ப போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன்ல. அந்த இடைவெளியில உசிலம்பட்டி, ஆண்டிபட்டி பக்கம் இருந்த பழைய கேட்டுங்க எப்படி இருந்துச்சுன்னு கேட்டா இப்ப யாருகிட்ட படம் இருக்கு? அமெரிக்காவுல 1909ல ஆல்பர்ட் ஹன்ட்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச சிக்னல் இருக்கு, ரயில் வரும்போது சிவப்புத் தட்டு ஒண்ணு கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடும், மணி அடிக்கும். அது எங்கெங்க மிச்சம் இருக்குன்னு தேடித் தேடி படம் எடுத்து வைக்க அங்க ஆளுங்க இருக்காங்க. நம்ம ஊர்லயும் அந்த மாதிரி வேணும்.

ரயில்வேகிட்ட நான் கேக்குறது பெரிசா எதுவும் இல்ல. ஒரு கேட்டை மூடும்போதோ மாத்தும்போதோ நாலு பக்கமும் போட்டோ, நம்பர் பலகை, கம்பெனி பேரு இருக்கிற துண்டு, இத மட்டும் எடுத்து வெச்சுட்டு மிச்சத்தை ஏலம் விடுங்க. திருச்சியில ரயில் மியூசியம் இருக்கு, சென்னையில ஐ.சி.எஃப். மியூசியம் இருக்கு, அங்க சேத்துடலாம்.

வாசகர்கள் படம் எடுக்கணும்னா ரோட்டுப் பக்கமா நின்னே எடுங்க. தண்டவாளத்துல இறங்காதீங்க, உயிருக்கும் ஆபத்து, ரயில்வே சட்டம் 147படி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. கேட் கீப்பர் டியூட்டியில இருக்கும்போது பேச்சுக் குடுக்காதீங்க, ரிட்டயர் ஆன பெரியவங்களைத் தேடிப் போங்க, அவங்ககிட்டதான் எல்லாக் கதையும் இருக்கு. உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை ஒரு சின்ன கட்டம் ஒதுக்கி வாசகர் அனுப்புற பழைய கேட் படம் ஒண்ணு, ஊர் பேரோட, வாரா வாரம் போட முடியுமா? முதல் படம் நான் அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை