பொருந்தாத டெம்பரேச்சர் சென்சாரை விற்றது தொடர்பான புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான சென்சாருக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா/அம்மையீர்,

வணக்கம். என்னிடம் இருப்பது 1967ஆம் வருட மாடல் கார். இன்ஜின் சூட்டை டேஷ்போர்டு மீட்டருக்குச் சொல்லும் டெம்பரேச்சர் சென்சாரில் வயர் மாட்டும் முனை ஆட்டம் கண்டு, டேஷ்போர்டில் முள் குதிக்க ஆரம்பித்ததால் உங்களிடம் புதிது வாங்கினேன். மாட்டிய அன்றே, கிளம்பிப் பத்து நிமிடத்தில் முள் சிவப்பைத் தொட்டது. பதறிப்போய் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். ஆவி இல்லை, கொதிக்கிற சத்தம் இல்லை, ஒரு சொட்டு கூலன்ட் வெளியே வரவில்லை.

உங்களுக்கு எழுதியபோது, "இன்ஜின் சூடாகிறது, தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்" என்றீர்கள். சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் அந்த வால்வை மாற்றினேன். கையோடு ரேடியேட்டரையும் கழுவினேன். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகுதான் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்தேன். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளந்தேன். 84 டிகிரி. 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜினுக்கு இது இருக்க வேண்டிய சூடுதான்.

அடுத்து, மீட்டர்களுக்குச் சீரான வோல்டேஜ் தரும் ஸ்டெபிலைசர் மேல் பழி போட்டீர்கள். என் காரில் பெட்ரோல் மீட்டருக்கும் அதே ஸ்டெபிலைசரிலிருந்துதான் கரன்ட் போகிறது. அது கெட்டிருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறியிருக்கும். பெட்ரோல் முள் ஒழுங்காக இருக்கிறது.

மூன்றாவது பதில்தான் எனக்கு எரிச்சல் மூட்டியது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றியதால், சென்சாருக்கு இன்ஜின் உலோகத்தோடு தொடர்பு, அதாவது எர்த், கிடைக்கவில்லையாம். நான் டேப்பே சுற்றவில்லை. சுற்றியிருந்தாலும், எர்த் சரியில்லை என்றால் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடும், கரன்ட் குறையும், முள் குளிர்ச்சிப் பக்கம்தான் இறங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமலா பழைய கார்களுக்கு உதிரி பாகம் விற்கிறீர்கள்?

சென்சார் வயரைக் கழற்றினேன், முள் அடியில் போய்ப் படுத்தது. வயரை இன்ஜின் பிளாக்கில் தொடவைத்தேன், மெல்ல ஏறியது. பாதி தூரம் வந்ததும் எடுத்துவிட்டேன். அதற்கு மேல் வைத்தால் மீட்டருக்குள் இருக்கும் சுருள் கருகிவிடும். ஆக, வயரிலும் கோளாறு இல்லை, மீட்டரும் வேலை செய்கிறது. மிச்சம் நீங்கள் அனுப்பிய சென்சார் ஒன்றுதான்.

அதையும் சந்தேகத்துக்கு விடவில்லை. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, பழைய சென்சாரையும் புதியதையும் அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்து மல்டிமீட்டரில் அளந்தேன். பழையதன் முனை ஆடினாலும், அழுத்திப் பிடித்தால் இன்னும் நிலையாக அளவு காட்டுகிறது. 85 டிகிரியில் பழையது 70 ஓம், புதியது 32 ஓம். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைவதுதான் இந்தச் சென்சாரின் வேலை. உங்களுடையது முன்கூட்டியே பாதிக்கும் கீழே போய்விடுகிறது, மீட்டர் அதைக் கொதிநிலை என்று நினைத்துக்கொள்கிறது. வேறு ஏதோ மீட்டருக்குச் செய்த சென்சார் இது. மரை பொருந்தியது, அளவு பொருந்தவில்லை. பெட்டியிலோ, "எல்லாப் பழைய மாடல்களுக்கும் பொருந்தும்" என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

எனக்கு முள் மேலே போனது, நிறுத்திப் பார்த்தேன். இதே சென்சாரை, இதைவிடக் குறைந்த ஓமில்தான் சிவப்பைத் தொடும் வேறொரு மீட்டரோடு இணைப்பவருக்கு முள் ஏறாமலே இருந்து, இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போன பிறகுதான் விஷயம் தெரியவரலாம்.

இப்போது, 15 நாள் கெடு முடிந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறீர்கள். அந்த 15 நாளும் நீங்கள் சொன்ன சோதனைகளைச் செய்துகொண்டுதான் இருந்தேன். மின்னஞ்சல்களில் தேதி இருக்கிறது.

சென்சாரின் விலையையும், உங்கள் பேச்சைக் கேட்டு வாங்கிய தெர்மோஸ்டாட்டின் விலையையும் திருப்பித் தர வேண்டும். பெட்டியில் அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, எத்தனை டிகிரியில் எத்தனை ஓம் என்று அச்சிட வேண்டும். மாற்றுச் சென்சார் வேண்டாம், அதை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

பில்லின் நகலும் சோதனைப் படங்களும் இணைத்துள்ளேன். சென்சாரை அதன் பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன், கூரியர் செலவு உங்களுடையது. 7 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்